இருபத்தேழாவது கணக்கு

நீங்கள் இந்த வாத்தியார் வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களில் இரண்டு பேர் ‘முக்கியமான கணக்குகள்’ என்று தாள் தயாரித்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அனுப்புங்கள், நான் தடுக்கப் போவதில்லை. தடுக்க எனக்கு யோக்கியதையும் கிடையாது. இந்த ஊரில் அந்தக் காரியத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவனே நான்தான். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். பகலில் பத்தாவது முடித்து வந்த பையன்களுக்கு வகுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பகுதிநேர டிப்ளமா. அது வேறு உலகம். சோமனூரிலிருந்து தறி மெக்கானிக் வருவார், ஃபவுண்டரியில் அச்சு போடுகிறவர் வருவார், பம்ப் கம்பெனி ஃபிட்டர் வருவார். பாதிப் பேருக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். ஷிஃப்ட் முடித்து, டிபன் பாக்ஸோடு நேராக வகுப்புக்கு வந்து உட்காருவார்கள்.

அவர்களை வழக்கமாகக் கவிழ்த்துவிடுவது முதல் வருடத்து இயற்பியலும் பொறியியல் அறிவியலும் சேர்ந்த பேப்பர். சயின்ஸ் பேப்பர் என்போம். விசை, வெப்பம், உராய்வு, பம்ப், நெம்புகோல். நாளெல்லாம் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள், ஆனால் எழுதச் சொன்னால் வராது. உள்ளுறை வெப்பம் என்றால் என்ன என்று கேட்டால், உலையில் இரும்பு உருகப் போகிற நேரத்தில் எப்படி முரண்டு பிடிக்கும் என்று ஒரு மனுஷன் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். படிக்க அருமையாக இருந்தது. திருத்துகிறவர் அரை மார்க் போட்டிருந்தார்.

இதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு கொள்கைக்கு வந்தேன். ஒவ்வொரு செட்டுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: “கம்பெனி வேற, பரீட்சை வேற. கம்பெனிய கேட்லயே கழட்டி வெச்சுட்டு உள்ள வாங்க.” அது பலிக்கவும் செய்தது. பழைய கேள்வித்தாள்களைப் புரட்டி நாற்பது கணக்குகளைப் பொறுக்கி, விடையோடு எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பேன். அதை வரிக்கு வரி, எண்ணுக்கு எண் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவார்கள். பரீட்சையில் நாலு கணக்காவது அப்படியே வரும். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள்கூட என் தாளைத் தேடி வருவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்கிற வருடம் கொஞ்சம் சிக்கலானது. பாடத்திட்டம் மாறிக்கொண்டிருந்தது. பழைய பாடத்திட்டத்தில் இந்தப் பேப்பரை அரியர் வைத்திருந்தவர்களுக்கு அதுதான் கடைசிப் பரீட்சை. அதில் தவறினால், மற்ற பேப்பர் எல்லாம் பாஸ் ஆகியிருந்தாலும் புதுப் பாடத்திட்டத்தில் முதல் வருடத்திலிருந்து சேர்ந்து படிக்க வேண்டும். அப்படி மாட்டிக்கொண்டிருந்தவர்கள் பதினெட்டு பேர். அவர்களுக்காக ஒரு மாதம் தனி வகுப்பு எடுத்தேன்.

அந்தப் பதினெட்டு பேரில் ஒரே பெண் ஈஸ்வரி. முப்பது வயது இருக்கும். ஒரு பம்ப் கம்பெனியில் காயில் சுற்றுகிற வேலை. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றி உள்ளே இறக்குகிற வேலை. பன்னிரண்டு வருடமாக அதைச் செய்து தோள் பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டு இந்த ஒன்றில் மட்டும் மூன்று முறை தவறியிருந்தார். டிப்ளமா கையில் இருந்தால் மோட்டார் சோதிக்கிற பிரிவில் இன்ஸ்பெக்டராகப் போடுவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் சேர்ந்த அன்று என்னிடம் சொன்னார்: “இன்னும் அஞ்சு வருசம் சுத்துனா கையத் தூக்க முடியாதுங்க சார். எப்படியாச்சும் இதுல ஏத்தி உட்ருங்க.”

“ஏத்தி உட்டர்லாம் அம்மணி. தாள்ல இருக்கறத மட்டும் எழுதுங்க” என்றேன்.

அந்த வருடத் தாளில் சில பழைய கணக்குகளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சில சேர்த்திருந்தேன். அதில் இருபத்தேழாவது பம்ப் கணக்கு. இருபது மீட்டர் ஆழத்திலிருந்து ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் இன்ன வேகத்தில் தண்ணீர் ஏறுகிறது, மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? எடுத்த புத்தகத்தில் விடை கிடையாது. நானே போட்டேன், ஏழு எச்பிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எழுதி, அடிக்கோடிட்டு, ஜெராக்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

தாள் கொடுத்து இரண்டு நாள் கழித்து வகுப்பில் ஈஸ்வரி எழுந்து நின்றார். அவர் சாதாரணமாகக் கேள்வி கேட்கிற ஆளே கிடையாது.

“ஏனுங்க சார், இந்த இருபத்தேழுல ஏழு எச்பி வருதுங்களே.”

“வருது. அதுக்கென்ன?”

“ரெண்டு இன்ச் பைப்புங்க. அறுவத்தஞ்சு அடிக் கெணறு. அதுக்குப் போயி ஏழு எச்பியாங்க? எங்க தோட்டத்துல மூணு எச்பிக்கே தண்ணி கொட்டுதுங்க. எங்க கம்பெனில ரெண்டு இன்ச்சுக்கு அத்தாச்சோடு பெரிய மோட்டார் நாஞ் சுத்துனதே இல்லீங்க.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாக்பீஸை எடுத்து இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு இன்னும் ஆறு கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. அதைவிட, என் தாளைப் பார்த்து ஒருத்தர் ‘இது இருக்காது’ என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

“அம்மணி, அது உங்க தோட்டத்துக் கெணறு. இது பரீட்சைக் கெணறு. பேப்பர் திருத்தறவரு உங்க தோட்டத்துக்கு வந்து மோட்டார் ஓடுதான்னா பாக்கப் போறாரு?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சொன்னது சாமர்த்தியமாகத்தான் பட்டது. ஈஸ்வரியும் லேசாகச் சிரித்துக்கொண்டே “சரிங்க சார்” என்று உட்கார்ந்துவிட்டார். தாளில் ஏழு எச்பிக்குக் கீழே இன்னொரு கோடு போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

பரீட்சை நாள். மதியம் இரண்டு மணிக்கு. ஒன்றே கால் மணிக்கு ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடம் நடத்தும் மேடம் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கொடுமுடிப் பக்கத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கையில் என் தாள்.

“சார், காலைல உங்க பசங்கள்ல ஒருத்தர் வேற ஒரு கணக்குல சந்தேகம் கேட்டாரு. அதுக்காகப் பாத்தேன். இருபத்தேழுல விட்டத்தைப் பாதியாக்காம ஆரம்னு போட்டிருக்கீங்க.”

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். ஐம்பதைப் பாதியாக்கி இருபத்தைந்து என்று எடுக்க வேண்டும், நான் ஐம்பதையே போட்டிருந்தேன். குழாயின் பரப்பு நாலு மடங்கு ஆகிவிட்டது, தண்ணீர் நாலு மடங்கு, மோட்டாரும் நாலு மடங்கு. சரியான விடை இரண்டு எச்பிக்குக் கீழே. நடைமுறையில் குழாய் உராய்வுக்கும் சேர்த்து மூன்று எச்பி மோட்டார் வைப்பார்கள். ஈஸ்வரி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. எனக்குக் காது சூடானது.

“பசங்கெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுலதான் நிக்கறாங்க. போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க” என்றார் மேடம்.

நான் உடனே கிளம்பவில்லை. என் மனசு அந்த இடத்தில் எப்படி வேலை செய்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ‘சொன்னால் எனக்கு அவமானம்’ என்று அது சொல்லவே இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானே வெட்கப்பட்டுப் போயிருப்பேன். அது சொன்னது இதுதான்: பரீட்சைக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. நாற்பதில் ஒன்று தப்பு என்றால் மீதி முப்பத்தொன்பதையும் சந்தேகப்படுவார்கள். கைநடுக்கத்தோடு உள்ளே போவார்கள். நாற்பதில் இந்த ஒன்று வரவா போகிறது? அவர்கள் நல்லதுக்காகத்தான் பேசாமல் இருக்க வேண்டும்.

இதையே மேடத்திடமும் சொன்னேன். “இப்பப் போய்க் கொளப்ப வேண்டாங்க. பாவம், பயந்துருவாங்க.”

அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, “அவங்களுக்குப் பயமுங்களா சார், உங்களுக்குப் பயமுங்களா?” என்று கேட்டார். குத்தலாகக்கூட இல்லை, மார்க் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். “எனக்கு ஹால் டூட்டி. உள்ள போனா நான் வாயத் தொறக்க முடியாது. நீங்க சொல்லிருவீங்கன்னு நெனைக்கறேன்” என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டு வாங்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி உறைத்துத்தான் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பதினெட்டு பேரும் அங்கே இருந்தார்கள். சைக்கிள் கேரியரில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரி ஓரமாகத் தண்ணீர்த் தொட்டிக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஃபவுண்டரிக்காரர் கேட்டார்: “சார், ஏதாச்சும் சொல்லணுங்களா?”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? கேட்டே விட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. தைரியமா எழுதுங்க, எல்லாம் நம்ம தாள்ல இருக்கறதுதான்” என்றேன்.

இரண்டேகால் மணிக்கு மீதிக் கேள்வித்தாள் ஒன்று ஆசிரியர் அறைக்கு வந்தது. பத்து மார்க் பகுதியில், கட்டாயமாக எழுத வேண்டிய கேள்வி. இருபது மீட்டர் ஆழம், ஐம்பது மில்லிமீட்டர் குழாய். ஓர் எண்கூட மாறவில்லை. நான் எடுத்த புத்தகத்தையே கேள்வித்தாள் தயாரித்தவரும் பிரித்திருப்பார் போல. ஹாலுக்கு வெளியே போய் நின்றேன், ஒன்றும் செய்வதற்கில்லை. ஜன்னல் வழியாக ஃபவுண்டரிக்காரரின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. ஐந்து மணி வரைக்கும் நான் எங்கே உட்கார்ந்தேன், எங்கே நடந்தேன் என்று நினைவில்லை.

ஐந்து மணிக்கு வெளியே வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “சார், இருபத்தேழு அப்படியே வந்துருச்சுங்க! சாமி மாதிரி சொன்னீங்க!” சோமனூர்க்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபவுண்டரிக்காரர் டீக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார், தேங்காய் பன்னோடு. நான் சோமனூர்க்காரரின் கையை உதறவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் நின்றேன்.

ஈஸ்வரி கடைசியாக வந்தார். “நீங்க எப்படிப் போட்டீங்க?” என்று நானே கேட்டேன். மனசுக்குள், இவராவது என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“மொதல்ல நானாப் போட்டேனுங்க சார். கடைசிப் பக்கத்துல. ரெண்டு எச்பிக்குக் கொறவா வந்துச்சுங்க. எனக்கென்னமோ அதுதான் சரீன்னு பட்டுது. அப்புறம் நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சுங்க. பரீட்சைக் கெணறுன்னீங்களே. அதான், அத அடிச்சுப்போட்டுத் தாள்ல இருக்கற மாதிரியே எழுதிப்போட்டேன்.”

டீ வந்தது. நான் எடுக்கவில்லை. எல்லோரையும் நிறுத்தி, அந்தக் கணக்கு தப்பு என்று சொன்னேன். எங்கே தப்பு என்று சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்துக் காட்டினேன். ஒருத்தரும் என்மேல் கோபப்படவில்லை. “உடுங்க சார், பத்து மார்க்குத்தானே, மத்ததுல வந்துரும்” என்று எனக்கே சமாதானம் சொன்னார்கள். அதில் நான் இன்னொன்றும் செய்தேன். எப்போது கவனித்தீர்கள் என்று ஒருத்தர் கேட்டபோது, “கேள்வித்தாள் கைக்கு வந்தப்பறம்தான்” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஈஸ்வரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

முடிவு வந்தது. பதினெட்டில் பதினேழு பேர் தேறிவிட்டார்கள். ஈஸ்வரிக்கு நாலு மார்க் குறைவு. விடைத்தாளில் அடிக்காமல் விட்டிருந்தால் தேறியிருப்பார். பன்னிரண்டு வருடம் மோட்டாருக்குள் கைவிட்டுச் சம்பாதித்த அறிவை என் ஒரு கேலிப் பேச்சை நம்பி அவரே கோடு போட்டு அடித்திருக்கிறார். இதை நினைத்து நான் அழுதிருக்கிறேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு என் நடைமுறையை மாற்றிக்கொண்டேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் போதும். தாளை முதலில் விடையில்லாமல் கொடுப்பேன். ஒவ்வொரு கணக்குக்கும், போடுவதற்கு முன்னாலேயே, ‘எவ்வளவு வரும்னு தோணுது?’ என்று கேட்பேன். தறிக்காரரைக் கப்பிக் கணக்கு கேட்பேன், ஃபவுண்டரிக்காரரை வெப்பக் கணக்கு கேட்பேன். அவர்கள் சொல்வதற்கும் என் விடைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், முதலில் என் விடையைத்தான் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். பத்தில் எட்டுத் தடவை நான்தான் சரியாக இருப்பேன். அந்த இரண்டு தடவைக்காகத்தான் இவ்வளவும். கம்பெனியைக் கேட்டில் கழற்றி வைக்கச் சொன்ன பேச்சை அன்றோடு விட்டேன்.

இன்னொன்று. நெருக்கடியில் ‘அவர்கள் நல்லதுக்காக’ என்று உங்கள் மனசு ஆரம்பித்தால், உடனே நின்று, பேசாமல் இருப்பதால் யாருக்கு மானம் தப்புகிறது என்று பாருங்கள். எனக்கு அதைக் கேட்க ஒரு மேடமே பக்கத்தில் இருந்தார். அப்படியும் நான் கோட்டை விட்டேன்.

ஜூன் மாதம் ஈஸ்வரி மறுபடி வந்தார், புதுப் பாடத்திட்டத்தில் முதல் வருடம் சேர. சேர்க்கைப் படிவத்தில் துறையின் சார்பாக நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். பாடம் எடுப்பவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. சாயங்கால வகுப்பு இரண்டு பிரிவு. ஒன்று என்னுடையது, இன்னொன்று புதிதாக வந்த ஓர் இளைஞருடையது, அவருக்கு அது முதல் வருடம். நான் கேட்காமலேயே என் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க சார்” என்றார் ஈஸ்வரி. “அந்தப் புது சார் செக்சன்ல போட்டுக் குடுங்க.”

“அவருக்கு அனுபவம் பத்தாதுங்க அம்மணி. அந்தக் கணக்கு தப்பானதுக்கு நான் என்ன வேணா செய்யறேன். தனியா உட்கார்ந்து சொல்லித் தர்றேன். இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் ரெண்டு மட்டம் திரும்பப் போட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.”

“அய்யோ, கணக்கு தப்பானதுக்கு இல்லீங்க சார். கணக்கு ஆருக்கு வேணா தப்புமுங்க. நாங் காயில் சுத்தறதுலயும் தப்பு வருமுங்க.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஊரில் பெரியவர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு சொன்னார்: “ஒண்ணே கால் மணிக்கே உங்களுக்குத் தெரியுமுன்னு கணக்கு மேடம் சொன்னாங்க. நாங் கேட்டதுக்குத்தான் சொன்னாங்க. அதுக்கப்புறந்தான நீங்க சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தீங்க?”

புது ஆசிரியரின் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஈஸ்வரி படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “வாரேனுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முடிவு வந்த அன்று நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவர் எண்ணைத் தேடினேன். சயின்ஸ் பேப்பரில் எண்பத்தாறு. கொஞ்சம் தள்ளி அவர் அந்தப் புது ஆசிரியருக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். எல்லோருக்கும் கொடுப்பது மாதிரி.